நாட்டின் பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஒரு பாட்டுப் போட்டியில் பங்கேற்க மாட்டோம் என்று நாடுகள் அறிவிப்பது உலகச் செய்தியாகும் என்று பத்தாண்டுகளுக்கு முன்பு யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2025 டிசம்பரில் அதுதான் நடந்தது. ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளின் ஒளிபரப்பு நிறுவனங்களும், சில நாள் கழித்து ஐஸ்லாந்தின் நிறுவனமும், வியன்னாவில் நடக்கும் 2026-ஆம் ஆண்டு யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. காசா போரின் பின்னணியிலும் இஸ்ரேலுக்கு இடம் உண்டு என்று ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் எடுத்த முடிவே காரணம். அயர்லாந்து இப்போட்டியில் ஏழு முறை வென்ற நாடு. ஸ்பெயின், இதன் செலவில் பெரும்பங்கைச் சுமக்கும் ஐந்து நாடுகளுள் ஒன்று. அத்தகையவர்களே வெளியேறுகிறார்கள் என்றால், அந்த மூன்று நிமிடப் பாட்டுக்குள் பாட்டைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள்.

இருப்பது ஒரு நாடு. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கிய இந்தப் போட்டியின் விதிகள் எளிமையானவை. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. போட்டியாளர் அரசு அல்ல, அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனம். 2025-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்ததை 16 கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாக ஒன்றியம் கணக்குச் சொல்கிறது. அதில் வென்ற ஆஸ்திரியாவின் ஜேஜே, ஃபிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய்க்குப் பிறந்தவர், ஓபரா பயின்றவர். ஆஸ்திரியா தன் குரல் என்று உலகின் முன் நிறுத்தியது அவரைத்தான்.

விருதுநகர்க்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலாவதாக, 2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டவரும் இணையம் வழியே வாக்களிக்கலாம். அவ்வாக்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரு நாட்டின் வாக்காகக் கொள்ளப்படும். கையில் வங்கி அட்டை இருந்தால், சாத்தூரில் இருந்தபடியே ஸ்வீடனுக்கு வாக்குப் போடலாம். ஆனால் எனக்கு வாக்கைவிட அதற்கு முந்தைய கட்டத்தில்தான் அக்கறை. ஒரு நாடு தன் சார்பில் பாடப்போகிறவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? யார் அமர்ந்து முடிவெடுக்கிறார்கள்? எங்கே அமர்கிறார்கள்? நாடு முழுவதும் கொண்டாடுவதற்கான பொருளைச் செய்து அனுப்பிவிட்டு, கொண்டாட்டத்தில் தனக்கென ஓரிடம் இல்லாத ஊர்களில் வாழ்பவனுக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வியாகத் தோன்றுவதில்லை.

இத்தாலியிலிருந்து தொடங்குவோம். யூரோவிஷனுக்கு முன்மாதிரியே இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாதான். 1951-இல் தொடங்கிய அவ்விழா நடப்பது ரோமிலோ மிலானிலோ அல்ல. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு கடலோர ஊரில். பூச்சாகுபடிக்கும் பூ வணிகத்துக்கும் பெயர் பெற்றது அவ்வூர். 'பூக்களின் நகரம்' என்பதே அதன் அடைமொழி. விழா மேடையைப் பூக்களால் அலங்கரிப்பது மரபு. சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயர் இருப்பதைப் போலத்தான் இதுவும். வேறுபாடு ஒன்று உண்டு. பூ விற்ற ஊர் தன் பூவோடு ஒரு நாட்டின் பாட்டையும் தன் மேடைக்கு வரவழைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் இத்தாலி முழுவதும் ஒரு வாரம் அந்தச் சிற்றூரை நோக்கி உட்கார்ந்திருக்கிறது. அங்கு வெல்பவருக்கே யூரோவிஷனுக்குச் செல்லும் முதல் உரிமை. 2021-இல் அங்கு வென்ற மோனஸ்கின் என்னும் இளைஞர் குழு, அதே இத்தாலியப் பாட்டோடு ராட்டர்டாம் சென்று ஐரோப்பாவையும் வென்றது.

ஸ்வீடன் இன்னொரு வழியைப் பிடித்தது. அதன் தேர்வு விழாவான மெலோடிஃபெஸ்டிவாலன், தலைநகரில் அமர்ந்திருப்பதில்லை. பல வாரங்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறது. வடக்கின் தொழில் நகரம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை, தெற்கின் துறைமுக நகரில் அடுத்த சனிக்கிழமை என்று போகும். இறுதிச்சுற்றுக்கு வரும் நேரத்தில் நாடு முழுவதற்கும் அந்தப் பாட்டுகள் மனப்பாடமாகியிருக்கும். ஒரு கோடிச் சொச்சம் பேர் வாழும் நாடு ஏழு முறை வென்று அயர்லாந்துக்குச் சமமாக நிற்பதில் இந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்றே கருதுகிறேன். லோரீன் என்ற பாடகி 2012-இலும் 2023-இலும் வென்றார். அவருடைய பெற்றோர் மொராக்கோவின் பெர்பர் இனத்தவர்.

பிரிட்டனின் கதை நேர்மாறு. உலகம் முழுவதும் கேட்கும் பாட்டுகளைச் செய்யும் நாடு, 2021-இல் நடுவர்களிடமிருந்தும் மக்களிடமிருந்தும் ஒற்றை மதிப்பெண்கூடப் பெறாமல் கடைசியில் நின்றது. மறு ஆண்டு பிபிசி தன் தேர்வுமுறையை மாற்றி, ஒரு கலைஞர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு தேடியது. பொதுமுடக்கக் காலத்தில் வீட்டிலிருந்து பாடிப் பதிவிட்டுப் புகழ்பெற்ற சாம் ரைடர் அகப்பட்டார். 466 மதிப்பெண்ணுடன் இரண்டாமிடம். நாடு மாறவில்லை, மொழி மாறவில்லை, அண்டை நாடுகளின் விருப்பு வெறுப்பும் ஓராண்டில் மாறிவிடாது. மாறியது தேடிய இடம். அதற்கடுத்த ஆண்டு, சொந்த மண்ணான லிவர்பூலில், மீண்டும் இருபத்தைந்தாம் இடத்துக்குப் போனார்கள். ஒரு தடவை சரியாகத் தேடியவர் எப்போதும் சரியாகத் தேடுவார் என்று சொல்வதற்கில்லை போலும்.

எனினும், தேர்வு என்பது எவ்வளவு கனமான சொல் என்பதைக் காட்டியது உக்ரைன்தான். 2022 பிப்ரவரி 12 அன்று நடந்த உக்ரைனின் தேசியத் தேர்வில் முதலிடம் பெற்றவர் அலினா பாஷ். கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவுக்கு இரண்டாமிடம். வாக்கு எண்ணிக்கையில் முறைகேடு என்று அக்குழு குற்றஞ்சாட்டியது. அதற்குள் வேறொரு பிரச்சினை எழுந்தது. 2014-க்குப் பிறகு ரஷ்யா வழியே கிரிமியா சென்றவர் நாட்டின் சார்பில் பாட முடியாது என்பது விதி; பாஷ் 2015-இல் அங்கு சென்றுவந்ததற்குக் காட்டிய ஆவணம் ஐயத்துக்குள்ளானது. அவர் விலகினார். பிப்ரவரி 22 அன்று கலுஷ் குழுவின் பெயர் உறுதியானது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உள்ளே நுழைந்தது.

குழுவின் பாடகர் தன் தாயை நினைத்து எழுதிய பாட்டு, இந்த இரண்டு நாள் இடைவெளியில் தாய்நாட்டின் பாட்டாக மாறிப்போனது. நாட்டுப்புறக் குழலும் ராப்பும் கலந்த அந்தப் பாட்டு, மே 14 அன்று இத்தாலியின் டூரின் நகரில் 631 மதிப்பெண் பெற்று வென்றது. அதில் 439 மக்கள் வாக்கால் வந்தவை. அதுவரை யாரும் எட்டாத எண். அனுதாப வாக்கு என்றார்கள். அனுதாபம் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அனுதாபம் தங்குவதற்கு ஒரு தாலாட்டு வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் செய்த ஒரு நடனப் பாட்டின்மீது அது தங்கியிருக்குமா என்பது ஐயம். வென்ற கோப்பையை ஏலம் விட்டு, கிடைத்த ஒன்பது லட்சம் டாலரைத் தம் படைக்குத் தந்தார்கள்.

இனி நம் கதை. இந்தியா யூரோவிஷனில் இல்லை. ஆசியப் பதிப்பொன்றைத் தொடங்க ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். நிறுவனம் சில ஆண்டுகள் முயன்று, 2021-இல் கைவிட்டது. ஆகவே, நாட்டின் பெயரால் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் நிலை நமக்கு இன்னும் வரவில்லை. ஆனால் திரைப்படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். அந்தக் கதைக்குள் ஒரு பாட்டும் இருக்கிறது.

2022 செப்டம்பரில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு, ஆஸ்கரின் பன்னாட்டுத் திரைப்படப் பிரிவுக்கு 'செல்லோ ஷோ' என்ற குஜராத்திப் படத்தைத் தேர்ந்தெடுத்தது. 'ஆர்.ஆர்.ஆர்.' தேர்வாகவில்லை. செல்லோ ஷோ நல்ல படம். அதைக் குறைசொல்ல வரவில்லை. அது முதற்கட்டப் பட்டியல்வரை சென்று, இறுதி ஐந்தில் இடம்பெறாமல் திரும்பியது. ஆனால் ஆஸ்கரின் பாடல் பிரிவுக்கு எந்த நாட்டின் சிபாரிசும் தேவையில்லை. அந்தத் திறந்த கதவு வழியே ஆர்.ஆர்.ஆரின் 'நாட்டு நாட்டு' உள்ளே போனது. 2023 ஜனவரி 10 அன்று கோல்டன் குளோப். மார்ச் 12 அன்று ஆஸ்கர். இசையமைத்த கீரவாணி, தமிழர்களுக்கு 'அழகன்' படத்திலிருந்து மரகதமணியாக அறிமுகமானவர். எழுதியவர் சந்திரபோஸ். அதே இரவில் முதுமலையின் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய குறும் ஆவணப்படமும் வென்றது. அதன் பேச்சுமொழி தமிழ். அதையும் எந்த தேசியக் குழுவும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை.

'நாட்டு' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தெலுங்கில் அது பட்டிக்காட்டுத்தனமான, மண்ணுக்குரிய என்ற பொருளில் வருகிறது. தமிழ்ப் பதிப்பில் அப்பாட்டுக்கு 'நாட்டுக் கூத்து' என்று பெயர். எங்கள் பகுதியில் நாட்டுக்கோழி என்றால் விலை கூடும். நாட்டு வெடி என்றால் காவல்துறை வரும். உரிமமின்றிச் செய்ததற்கும், தரம் அறியாததற்கும், ஆலையில் வார்க்காததற்கும் அந்த ஒரே அடைமொழிதான். நாட்டு இசைக்கும் நம் நிறுவனங்களில் அந்த இரண்டாவது பொருளே நெடுங்காலம் இருந்தது.

அந்தப் பாட்டைப் படமாக்கிய இடம் கீவ் நகரின் மரியின்ஸ்கி மாளிகை முற்றம், போருக்குச் சில மாதங்கள் முன்பு, 2021 ஆகஸ்ட்டில். ஆஸ்கர் மேடையிலோ ராகுல் சிப்ளிகஞ்சும் கால பைரவாவும் தெலுங்கிலேயே பாடினார்கள்; ஆனால் சுற்றி ஆடியவர்களில் தெற்காசிய வம்சாவளியினர் இல்லையே என்ற கேள்வி அமெரிக்காவின் இந்திய நடனக் கலைஞர்களிடமிருந்தே எழுந்தது. பாட்டு போய்ச் சேர்ந்தது, உடல்கள் மாற்றப்பட்டன. வென்ற மகிழ்ச்சியில் நாம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2024-இல் இன்னும் வெளிப்படையாக நடந்தது. கான் விழாவில் இரண்டாவது உயரிய விருதான கிராண்ட் பிரீயை வென்ற பாயல் கபாடியாவின் படத்தை விட்டுவிட்டு 'லாபதா லேடீஸ்' படத்தைக் குழு தேர்ந்தெடுத்தது. கபாடியாவின் படம் இந்தியாவில் நிகழும் ஐரோப்பியப் படம்போல் இருந்ததாக நடுவர்கள் கருதினர் என்று காரணமும் சொல்லப்பட்டது. நடுவர் குழுவில் இருந்த பதின்மூன்று பேரும் ஆண்கள். எது இந்தியத்தன்மை என்பதை மூடிய அறையில் சிலர் தீர்மானிக்கும்போது, வெளியே இருப்பவருக்குக் கிடைப்பது முடிவு மட்டுமே. காரணம் எப்போதாவது கசியும்.

இது புதிய நோயன்று. பி.வி. கேஸ்கர் 1952-இல் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரானபோது, அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவடைக்கப்பட்டது. மக்களின் ரசனையை உயர்த்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்குச் செவ்வியல் இசையே மருந்து என்று நம்பினார். ஆர்மோனியத்துக்கு அதற்கும் முன்பிருந்தே, 1940 முதல் 1971 வரை, வானொலியில் தடை இருந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். வடக்கே இலங்கை வானொலியின் இந்திச் சேவையும் அமீன் சயானியும். தெற்கே அதே நிலையத்தின் தமிழ்ச் சேவை. மயில்வாகனனில் தொடங்கி, கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது வரை, எங்கள் மாவட்டத்துத் தேநீர்க் கடைகளில் ஒலித்த தமிழ் கடல் கடந்து வந்த தமிழ்தான். 1957-இல் விவித்பாரதியைத் தொடங்கி அரசு பின்வாங்கியது. அதற்குப் பின்னும் இரண்டு தலைமுறைக்குத் தென்தமிழ்நாடு கொழும்பை விட்டுவிடவில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மக்கள் வாக்குக்கே விட்டுவிடலாமா? அதிலும் எனக்கு முழு நம்பிக்கையில்லை. கிரேக்கமும் சைப்ரஸும் ஆண்டுதோறும் ஒன்றுக்கொன்று உச்ச மதிப்பெண் பரிமாறிக்கொள்வது யூரோவிஷனில் நிரந்தர நகைச்சுவை. 2025-இல் இஸ்ரேல் மக்கள் வாக்கில் முதலிடம் பெற்றபோது, அரசுப் பணத்தில் செய்த இணைய விளம்பரம் அதற்குப் பின்னால் இருந்தது பற்றிப் பல நாடுகள் கேள்வி எழுப்பின. நம்மைப் போன்ற 'பிற உலக' வாக்காளர்களின் உச்ச மதிப்பெண்ணும் இஸ்ரேலுக்கே போனது. அதன்பிறகு ஒருவர் போடக்கூடிய வாக்குகளை இருபதிலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். நடுவர் வாக்கும் மக்கள் வாக்கும் பாதிப் பாதி என்ற முறையும் எல்லாரையும் நிறைவு செய்வதில்லை. 2023-இல் மக்கள் பெருவாரியாகக் கேட்டது பின்லாந்தின் காரியாவை, கோப்பை போனது நடுவர்கள் தாங்கிப்பிடித்த லோரீனுக்கு.

தமிழ்நாட்டில் மக்கள் வாக்கு நல்லது செய்ததையும் பார்த்திருக்கிறோம். 2018-இல் தனியார் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியில் புதுக்கோட்டை மண்ணின் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார். நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் முதலிடம் பெறுவது இசை நுணுக்கம் அறிந்தோர் சிலருக்கு உவப்பாக இல்லை என்பது அப்போதைய சமூக ஊடக விவாதங்களில் தெரிந்தது. சுருதி சுத்தம் என்பதை ஒரேவகை மேடையில் மட்டும் அளந்து பழகியவர்கள் அவர்கள். தெருவில் ஒலிபெருக்கியின்றிப் பாடி, ஊரின் கடைசி வீடுவரை கேட்கச் செய்யும் தொண்டைக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

மொழிச் சிக்கலுக்கும் ஐரோப்பாவில் ஓர் அனுபவம் இருக்கிறது. 1966 முதல் 1972 வரையிலும், பிறகு 1977 முதல் 1998 வரையிலும், ஒவ்வொரு நாடும் தன் மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி இருந்தது. அதை நீக்கியதும் ஆங்கிலம் பெருகியது. ஆயினும் 2017-இல் போர்ச்சுகீசியமும், 2021-இல் இத்தாலியமும், 2022-இல் உக்ரைனியமும் வென்றன. நமக்குப் பயன்படக்கூடியது பெல்ஜியத்தின் ஏற்பாடு. அங்கு டச்சு மொழியாருக்கு ஓர் ஒளிபரப்பு நிறுவனம், பிரெஞ்சு மொழியாருக்கு இன்னொன்று. ஓராண்டு இவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், மறு ஆண்டு அவர்கள். நான்கு தேசிய மொழிகளுள்ள சுவிட்சர்லாந்து, சில பத்தாயிரம் பேர் மட்டும் பேசும் ரொமான்ஷ் மொழிப் பாட்டை 1989-இல் சொந்த மண்ணில் நடந்த போட்டியில் தன் பாட்டாக மேடையேற்றியது. பதின்மூன்றாம் இடம்தான். அம்மொழிக்காரருக்கு அந்த இடம் போதும் என்றே நினைக்கிறேன். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் கொண்ட நாட்டில், சுழற்சி முறையைத் தவிர வேறெது நியாயமாக இருக்கும் என்று தெரியவில்லை. பிரசார் பாரதிக்கு மாநிலந்தோறும் நிலையங்கள் இருக்கின்றன. சுழற்றுவதற்கான சக்கரம் ஏற்கெனவே தயாராக நிற்கிறது.

இங்கே சிவகாசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் உருவாகிறது. நாட்டின் நாட்காட்டிகளில் பெரும்பகுதி இங்கே அச்சாகிறது. பட்டாசுப் பெட்டிகளின் மேலட்டையைப் பாருங்கள்: கடவுளர், நடிகையர், கொழுகொழுக் குழந்தை, புலி, மயில். மருந்து அடைத்த கையின் முகம் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடைவிதித்துப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதியளித்தபோது, தில்லியின் காற்றும் உற்பத்தியாளரின் முதலீடும் விரிவாகப் பேசப்பட்டன. காற்றுக்காகப் பேசியவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் சல்ஃபரும் அலுமினியத் தூளும் கைரேகையில் படிந்த பெண்ணின் தரப்பு எவ்வளவு தூரம் கேட்டது என்பது வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின; 2021 பிப்ரவரியில் அச்சங்குளம்; 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. அந்தச் சாவுகளுக்கு எழுந்த ஒப்பாரிகள் எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் பாடப்படவில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரக் கூடாது என்று விதி உள்ள தொழில் இது. சேர்ந்து பாடுவதற்குக்கூட ஆலைக்கு வெளியே வர வேண்டும்.

ஒப்பாரியையும் ராப்பையும் கலந்து, கிட்டத்தட்ட கலுஷ் குழு செய்ததையே, அவர்களுக்கு ஓராண்டு முன்னரே செய்துகாட்டியது தமிழ். 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' தோட்டத் தொழிலாளர் பரம்பரையின் நினைவிலிருந்து எழுந்த பாட்டு. எழுதியவரும் பாடியவர்களில் ஒருவருமான அறிவு, 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் இல்லை. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் கேட்டார்கள். அவர் அன்று வெளிநாட்டில் இருந்தார் என்ற விளக்கம் வந்தது. பாட்டு யாருடையது என்ற விவாதமும் வந்தது. எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. உலகத்தின் முன் தமிழ்நாடு தன்னுடையது என்று காட்டிய பாட்டு அது. அதை எழுதியவர் இல்லாமலே அந்த மேடை நிறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றியது என்பதே என்னை உறுத்துகிறது.

நம்பிக்கைக்கு ஒன்று இருக்கிறது. 2022-23 கல்வியாண்டில் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படிகள். கடைசியில் கலையரசன், கலையரசி பட்டங்கள். திருச்சுழி வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவி, நாட்டுப்புறப் பாடல் பிரிவில் பாடி, விருதுநகருக்கு வந்து, அங்கிருந்து மாநில மேடைக்குப் போக முடியும். ஸ்வீடன் சனிக்கிழமைதோறும் செய்வதன் எளிய வடிவம் இது. குறை என்னவென்றால், படிகள் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன. பட்டம் வாங்கிய பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும், பாட்டு அவளுக்கு மேற்கொண்டு எந்த வழியும் திறப்பதில்லை. வானொலி நிலையத்தின் குரல் தேர்வுக்கோ, தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசைக்கோ அவள் பெயரைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. மதுரை வானொலி நிலையம் விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மாவட்ட அளவில் வென்றவர்களை ஆண்டுக்கொரு முறை அங்கு ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்பப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை.

தில்லியையும் மும்பையையும் கேட்பதற்கு முன், நம் வீதியையும் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களும் தேர்வுகள்தாம். பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைப் பொங்கலுக்கும் ஊருக்கு ஊர் விழாக் குழுக்கள் கூடி, யாரை மேடையேற்றுவது என்று முடிவெடுக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குழுவின் வரவு செலவுக் கணக்கை எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. திரைப்பாடல் இன்னிசைக் குழுவுக்கு அந்த ஆண்டு கொடுத்த தொகையில் எட்டில் ஒரு பங்குகூட நையாண்டி மேளத்துக்கு இல்லை. மேளக்காரர்களுக்குச் சாமி புறப்பாட்டின்போது வீதியில் இரண்டு மணி நேரம். பிறகு மேடைக்குப் பின்னால் சாப்பாடு. இன்னிசைக் குழுவுக்கு இரவு பத்து மணி, முழு மேடை, வண்ண விளக்கு. ஒதுக்கீட்டை மாற்றலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். "இளவட்டங்க வேணாம்னுவாங்க அண்ணாச்சி" என்றார் பொருளாளர். புறப்பாட்டின்போது மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் முழுவதும் இளவட்டங்கள்தாம். அதைச் சொன்னேன், குறிப்பேட்டில் ஏறவில்லை. அடுத்த ஆண்டும் அதே தொகைகள்தாம் எழுதப்பட்டன.